நிலாவெளி வீதியின் சிவப்புத் தூண்களை யார் திறந்து பார்ப்பது?

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கடற்கரை விடுதிகள் பருவத்துக்குத் தயாராகத் தொடங்கிவிடும். மதிலுக்கு வெள்ளை, படகுக்கு நீலம், முற்றத்தின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் தீயணைப்புத் தூணுக்குச் சிவப்பு எனப் பெயின்ற் வாளிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். நான் அந்தக் கரையோர விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் பராமரிப்பு மேற்பார்வையாளராக வேலை செய்தவன். அந்தத் தூணுக்குப் பெயின்ற் அடிக்கும்படி எனக்கு ஆண்டுதோறும் பணிப்புரை வந்தது. அதைத் திறந்து பார்க்கும்படி ஒருமுறையேனும் வந்ததில்லை. மூடியின் மரைமீது பூச்சுக்குமேல் பூச்சாகப் பூசிக்கொண்டே போனால், பத்தாவது ஆண்டில் அதைக் கழற்றச் சுத்தியல் தேவைப்படும் என்பது பூசுபவருக்கும் தெரியும், பூசச் சொன்ன எனக்கும் தெரியும்.

ஹைட்ரன்ட் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்தத் தூண், தீயணைப்பு வண்டி தன் குழாயைப் பொருத்தி நீர் பெறுவதற்கானது. வீதியோரத்தில் பொது நீர்க்குழாயில் நிற்பது பொதுச் சொத்து. மதிலுக்கு உள்ளே, நீர்மானிக்கு அப்பால், உரிமையாளரின் சொந்தக் குழாயில் நிற்பது தனியார் சொத்து. அதற்கு நீர் கொடுக்கும் நிலக்கீழ்த் தாங்கி, நீர்ப்பம்பி, இடையிலுள்ள வால்வுகள் எல்லாம் உரிமையாளருடையவை என்பதால், நீர் வழங்கல் சபையின் ஊழியர் மானியோடு நின்றுவிடுவது நியாயமே. ஆனால் தூண் தனியாருக்கு உரியது என்பதால் தீயும் அவருடைய மதிலுக்குள் நின்றுவிடப்போவதில்லை. எங்கள் கரையில் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களே கச்சான் காற்று வீசும் மாதங்களும் ஆகும். மழை இல்லாமல் காய்ந்து கிடக்கும் புல்லையும் கிடுகு வேய்ந்த கொட்டில்களையும் தாண்டி, தரையிலிருந்து கடலை நோக்கி அந்தக் காற்று போகும் வேகத்தை அறிந்தவர் எவரும், ஒரு விடுதியின் சமையலறையில் பிடிக்கும் தீ அடுத்த வளவின் கூரையையும் தேடும் என்பதை மறுக்கமாட்டார். ஆகவே அயல்வீட்டாரின் கூரையும் நம்பியிருக்கும் ஒரு கருவியைப் பராமரிப்பதா விடுவதா என்ற தெரிவை உரிமையாளரின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிட முடியாது, உள்ளூர் விதியொன்று அவரை ஆண்டுதோறும் அதைத் திறந்து காட்டக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலை, பயணிகள் இல்லாத வேளையில், ஊழியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுக்கலாம் என்று நானாகவே தீர்மானித்தேன். பம்பி அறையின் அழுத்தமானி 5 பார் காட்டியது. ஒரு பார் என்பது ஏறத்தாழப் 10 மீற்றர் உயரத்துக்கு நீரைத் தள்ளும் அழுத்தம் என்பதால், எங்கள் இரண்டு மாடிக் கட்டடத்துக்கு அது தாராளம். காவலாளி தூணில் குழாயைப் பொருத்தித் திறந்தார். முதலில் காற்றுச் சீறியது. பிறகு தேயிலைச் சாயம் போன்ற நீர் வந்தது. பிறகு பூச்செடிக்கு ஊற்றும் அளவுக்குத் தளர்ந்துபோய், தூம்புவாயின் காலடியிலேயே விழுந்தது. "சேர், தண்ணி வருகுது, ஆனா போகுதில்லை" என்று அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தேடியபோது, மூன்று ஆண்டுகளுக்கு முன் குழாய் வெடிப்பொன்றைத் திருத்த வந்தவர்கள் மூடிய வால்வு, காகிதப்பூப் பாத்திக்குக் கீழே, மண் மூடிய குழியொன்றில் கிடைத்தது. பதினான்கு சுற்றுச் சுற்றித் திறக்க வேண்டிய அந்த வால்வு இரண்டு சுற்றிலேயே நின்றிருந்தது.

மானி பொய் சொல்லவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நீர் அசையாமல் நிற்கும்போது, வழியில் ஊசித்துளை அளவு திறப்பு இருந்தாலும் போதும், அழுத்தம் இரு பக்கமும் சமமாகிவிடும். நீர் ஓடத் தொடங்கும்போதுதான் அந்த ஒடுக்கம் தன்னைக் காட்டும். அரைகுறையாக மூடிய வால்வு, உட்சுவரில் துருக் கட்டி குறுகிப்போன இரும்புக் குழாய், உறிஞ்சு குழாயில் அடைந்த இலைதழை ஆகிய மூன்றும் மானியின் கண்ணுக்குத் தப்பிவிடும். இவற்றோடு எங்கள் கரைக்கே உரிய தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்று வார்ப்பிரும்பைத் தின்னும். வால்வின் தண்டு இறுகிப்போய், அவசரத்தில் திருகுபவரின் கையிலேயே முறிந்துவிடும். பித்தளை மூடிகள் பழைய உலோகக் கடைக்குப் போய்விடும். மின்சாரம் துண்டிக்கப்பட்டால் இயங்க வேண்டிய டீசல் பம்பியின் பற்றரி எப்போதோ செத்திருக்கும். சிவப்புப் பூச்சு இவை எல்லாவற்றையும் அழகாக மறைத்துவிடுகிறது.

பிற நாட்டார் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று படித்தபோது, விதி இத்தனை எளிமையாக இருக்க முடியுமா என்றே தோன்றியது. அமெரிக்க நகரங்கள் பல தங்கள் உள்ளூர் சட்டமாக ஏற்றுக்கொண்டிருக்கும் சர்வதேசத் தீ விதிக்கோவை, தனியார் ஹைட்ரன்ட் எந்த வகையினதாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையும் ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பின்னரும் அது பரிசோதிக்கப்பட வேண்டும் என்கிறது. நீரை ஓடவிட்டுச் சோதிப்பதையும் பராமரிப்பையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. நிலத்தடியிலுள்ள தீயணைப்புக் குழாய்த் தொடரை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓட்டச் சோதனைக்கு உட்படுத்தச் சொல்கிறது. தூணைச் சுற்றி 3 அடி வெளியை எப்போதும் வெறுமையாக வைத்திருக்கச் சொல்கிறது. அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 25ஆம் இலக்க நியமம் இன்னும் ஒரு படி மேலே போய், தூணை முழுமையாகத் திறந்து, உள்ளிருக்கும் அழுக்கு நீங்கி நீர் தெளியும்வரை, ஆகக் குறைந்தது ஒரு நிமிடமேனும் ஓடவிட வேண்டும் என்று வரையறுக்கிறது. பூச்சைப் பற்றியும் அதே சங்கத்தின் வேறொரு பரிந்துரை இருக்கிறது. தூணின் தலையும் மூடிகளும் அது தரக்கூடிய நீரின் அளவைச் சொல்லும்: நிமிடத்துக்கு 1,500 கலனுக்குக் குறையாமல் தருமானால் இளநீலம், 1,000 முதல் என்றால் பச்சை, 500 முதல் என்றால் செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் சிவப்பு. தீயணைப்பு வீரர் வண்டியை விட்டு இறங்கும் முன்னரே எந்தத் தூணை நம்பலாம் என்று கண்டுகொள்வார். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் வீதியின் தூண்கள் எல்லாம் ஆகக் குறைந்த நீர் தருபவை என்று தாமாகவே ஒப்புக்கொண்டு நிற்கின்றன. இது ஒரு வேடிக்கைக்காகச் சொன்னது. எங்கள் தூண்களின் நிறத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

அவர்களுடைய அளவுகளை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 500 அமெரிக்கக் கலன் என்பது ஏறத்தாழ 1,900 லீற்றர். கந்தளாயிலிருந்து வரும் குடிநீரைத் தாங்கியில் சேமித்து வைத்துக்கொள்ளும் ஒரு சிறு விடுதியிடம் அந்த அளவை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியின் முதுகெலும்பை மட்டுமே: உரிமையாளரே பொறுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை நீர் ஓட வேண்டும், ஓடியதற்குப் பதிவு இருக்க வேண்டும், அந்தப் பதிவு தீயணைப்புப் பிரிவின் கைக்குப் போக வேண்டும். கட்டடம் முடிந்தவுடன் கிடைக்கும் இணக்கச் சான்றிதழைச் சட்டகத்தில் மாட்டி வைத்திருப்பவர்கள், "எல்லாம் அனுமதி பெற்றதுதானே" என்று அதைக் காட்டுவார்கள். அந்தச் சான்றிதழ் கட்டடம் பிறந்த நாளின் நிலையைச் சொல்கிறது. பிறந்தபோது குழந்தை நலமாக இருந்ததென்ற மருத்துவமனைச் சீட்டைக் காட்டி நாற்பது வயதுக்காரரின் இரத்த அழுத்தத்தை எவரும் நிரூபிப்பதில்லை.

யார் இந்த விதியை இயற்றுவது என்பதில்தான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. திருகோணமலைப் பட்டணத்துக்கு ஒரு சபை. அலஸ்தோட்டமும் உப்புவெளியும் 'பட்டினமும் சூழலும்' என்ற பெயருடைய பிரதேச சபைக்குள். அங்கிருந்து வடக்கே நிலாவெளி குச்சவெளிப் பிரதேச சபைக்குள். பட்டணத்திலிருந்து புறப்படும் தீயணைப்பு வண்டி, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் ஓடி நிலாவெளியை அடைவதற்குள் மூன்று சபைகளின் எல்லைகளைக் கண்டுவிடும். மூன்றும் மூன்று விதமாக விதி செய்தால், அல்லது ஒன்று செய்து மற்ற இரண்டும் பேசாமல் இருந்தால், பயன் பாதியாகிவிடும். ஆனால் இதற்கான வழி எங்கள் சட்டத்திலேயே எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் நியம உபவிதிகள் சட்டத்தின்படி, அமைச்சர் ஆக்கி வெளியிடும் நியம உபவிதியொன்றை ஒரு சபை தீர்மானமொன்றின் மூலம் தனதாக ஏற்றுக்கொள்ளலாம். தனியார் ஹைட்ரன்ட் பராமரிப்புக்கென ஒரே உபவிதி வரைவாகி, மூன்று சபைகளும் அதையே ஏற்றுக்கொண்டால், வண்டி எந்த எல்லைக்குள் போனாலும் ஒரே ஒழுங்கையே காணும்.

அந்த உபவிதியில் நான் காண விரும்பும் முதல் வரி, இணைப்பு வாயைப் பற்றியது. எங்கள் தீயணைப்புப் பிரிவுகள் பிரித்தானியர் காலத்திலிருந்து வந்த, மரையின்றித் தள்ளியவுடனேயே பூட்டிக்கொள்ளும் இரண்டரை அங்குல உடன்பொருத்து இணைப்புகளோடு பழகியவை. வெளிநாட்டு ஒப்பந்தகாரர் தங்கள் நாட்டு அளவில் மரையிட்ட வாயொன்றைப் பொருத்திவிட்டுப் போயிருந்தால், தாங்கி நிறைய நீரும் பம்பி நிறைய அழுத்தமும் இருந்தும் வண்டியின் குழாய் அதில் பொருந்தாது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. வண்டியிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால் போதும். ஆண்டுச் சோதனையைத் தீயணைப்புப் பிரிவின் ஊழியர் ஒருவர் முன்னிலையில் நடத்த வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். வந்தவர் தூண் எங்கே நிற்கிறது, வால்வு எந்தக் குழியில் இருக்கிறது, பிரதான வாயிலால் வண்டி நுழையுமா என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே போவார். உரிமையாளர் கடதாசியில் கையொப்பமிட்டு அனுப்பினால் போதும் என்று விட்டுவிட்டால், எங்கள் நாட்டில் அந்தக் கடதாசி எப்படி நிரப்பப்படும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

தூண் பழுதாகிவிட்டால் உடனே அறிவிக்க வேண்டும், அதன்மீது "இயங்காது" என்ற பலகை தொங்க வேண்டும், திருத்துவதற்குக் காலவரையறை இருக்க வேண்டும். பழுதான தூணைவிட, பழுதென்று தெரியாத தூண் மிகுந்த கேடு செய்யும். அதில் குழாயைப் பொருத்தி ஏமாறும் நிமிடங்கள் திரும்பி வருவதில்லை. 4,500 லீற்றர் கொள்ளும் வண்டியொன்று நிமிடத்துக்கு 450 லீற்றர் வீதம் நீர் பாய்ச்சினால் பத்தே நிமிடத்தில் வெறுமையாகிவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் தூண் நீர் தந்தாக வேண்டும்.

நீர் வீணாகிறது என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். கச்சான் காலத்தில் குடிநீரின் அருமை தெரியாத ஊரல்ல இது. ஆயினும், சோதனையை மாரி முடிந்த கையோடு வைத்து, வெளியேறும் நீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டால் இழப்பு எதுவும் இல்லை. இந்த வாதத்தை அதிகம் முன்வைப்பவர்களின் வளவுக்குள்ளேயே நீச்சல் தடாகம் இருப்பதையும் கவனிக்கலாம். 20 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் சராசரி 1.4 மீற்றர் ஆழமும் உள்ள ஒரு தடாகத்தில் 2,24,000 லீற்றர் நீர் நிற்கிறது. மேலே சொன்ன வண்டியை அது கிட்டத்தட்ட ஐம்பது முறை நிரப்பும். வண்டி அதன் அருகே வரக்கூடிய பாதை இருந்தால், பம்பியால் அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளலாம். தூண் வைக்க வசதியில்லாத விடுதிக்கு அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பதே கடமை என்று உபவிதியில் மாற்றேற்பாடு செய்யலாம். நான்கு அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் குடும்பத்திடம் ஹைட்ரன்ட் கேட்பது எனக்கும் உடன்பாடானதல்ல. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் பெருந்தொழிற்சாலைகளையும் பற்றி நான் இங்கே எதுவும் பேசவில்லை. அவற்றின் ஆபத்தும் அளவும் வேறு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியத் தாக்குதலில் அங்கே எரிந்த தாங்கியின் கதையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

பணச் செலவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மரைக்குப் பூச ஒரு டப்பா கிறீஸ், வால்வைத் திருப்ப ஒரு சாவி, இரண்டு ஆட்களின் அரைநாள் வேலை. ஆண்டுதோறும் வாங்கும் சிவப்புப் பெயின்றின் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய பயிற்சிக்குப் பிறகு நாங்கள் செய்தவை சிறிய காரியங்கள்தாம். பாத்தியைத் தள்ளி வைத்தோம். குழியின் மூடிக்கு மஞ்சள் பூசி, சுற்று எண்ணிக்கையை அதன்மீதே எழுதினோம். திறந்ததைப் போலவே மூடும்போதும் மெதுவாகத் திருக வேண்டும், இல்லையேல் ஓடிவந்த நீர் முட்டிக் குழாயை வெடிக்க வைத்துவிடும் என்று எல்லோருக்கும் காட்டிக் கொடுத்தோம். வால்வுச் சாவியை என் அலுமாரியிலிருந்து எடுத்து, வாயிற் காவலறையின் ஆணியில், தீயணைப்புப் பிரிவை அழைக்கும் 110 என்ற இலக்கம் எழுதிய பலகைக்குக் கீழே தொங்கவிட்டோம். நான் ஓய்வுபெற்று, விடுதியும் வேறொருவர் கைக்கு மாறிய பின், சென்ற மாதம் பழைய நண்பர்களைப் பார்க்க அங்கே போயிருந்தேன். தூணுக்குப் புதுப் பூச்சு அடித்திருந்தார்கள். காவலறையின் ஆணி இருந்தது, சாவி இல்லை. எங்கே என்று கேட்டேன், புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர், "எந்தச் சாவி ஐயா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.