ஐபி டிப்ளமா, பாலிடெக்னிக் டிப்ளமா இல்லைங்க

‘ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமாவில் பரீட்சையே கிடையாது, பிளஸ் டூவுக்குச் சமமும் இல்லை’ என்று கொடைக்கானல் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது, நாயுடுபுரத்து டீக்கடை வரை வந்துவிட்டது. இரண்டுமே தப்பு. ‘டிப்ளமா’ என்ற பெயர்தான் ஆளைக் குழப்புகிறது போல.

இது பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்கான இரண்டு வருடப் படிப்பு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்றது, நம் ஊர் சர்வதேசப் பள்ளியிலேயே 1976 முதல் இருக்கிறது.

ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 7 புள்ளி, ஆக 42; அதோடு 4,000 சொல்லுக்கு மிகாத ஆய்வுக் கட்டுரைக்கும் எதையும் எப்படி அறிகிறோம் என்று யோசிக்க வைக்கும் ‘அறிவுக் கோட்பாடு’ பாடத்துக்கும் சேர்த்து 3, மொத்தம் 45. தேறக் குறைந்தது 24 வேண்டும். கடைசியில் எழுத்துத் தேர்வும் உண்டு, விடைத்தாளைத் திருத்துவது வெளியாட்கள். சனிக்கிழமை ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் பிள்ளைக்கு அதற்கு மார்க் வராது, ஆனால் அந்த மாதிரி சேவையை முடிக்காவிட்டால் டிப்ளமாவே வராது!

ஒன்றை மட்டும் பாருங்கள்: இன்ஜினியரிங் ஆசை இருந்தால் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் முதலிலேயே எடுக்க வேண்டும். டாக்டர் என்றால் உயிரியல், அப்புறம் நீட் தேர்வும்.