ஸ்டார் ட்ரெக்கில் வேலை உண்டு, சம்பளம்தான் இல்லை

"ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்கள் காட்டும் எதிர்காலத்தில் எல்லாவற்றையும் இயந்திரமே தந்துவிடும், யாரும் வேலை செய்வதில்லை, அந்தக் காலம் வந்தால் மதுரைப் பரோட்டாக் கடைகளுக்கும் பூட்டுதான்" என்கிறீர்கள். தவறு அண்ணே. கூலிக்காக உழைக்கும் கட்டாயம்தான் அங்கே ஒழிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் விண்வெளி நிலையத் தலைவர் சிஸ்கோவின் அப்பா அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்துகிறார், தானே நின்று சமைக்கிறார். கேட்ட உணவை நொடியில் தரும் ரெப்ளிகேட்டர் இருக்கிற உலகத்தில்! இன்னொரு தொடரில் விண்கலத் தலைவர் பிக்கார்டின் அண்ணன் பிரான்ஸில் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். மனுஷன் ரெப்ளிகேட்டரை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

இது நமக்கென்ன புதிதா? சித்திரைத் திருவிழா வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போட்டு ஊற்றுகிறவர்கள் சம்பளமா வாங்குகிறார்கள்? சரி, சாக்கடை அடைப்பை எடுக்க யார் ஆசைப்பட்டு வருவார் என்று கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வி.