நர்ஸ் ஊசி போடக் கூடாதா? சுற்றும் செய்தியும் உண்மையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "டாக்டர் பக்கத்தில் இல்லாமல் நர்ஸ் ஊசி போட்டால் சட்டவிரோதம். நர்ஸ்களைச் சுயமாக முடிவெடுக்க விட்டால் வேலை கெடும்." இரண்டுமே தவறு.

மத்திய சுகாதார அமைச்சகம் 2010-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியைப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசி போடலாம். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பயிற்சி பெற்ற நர்ஸுக்கு இதற்கெல்லாம் அனுமதி உண்டு. மலைக்கிராமத்தில் டாக்டர் வரும்வரை காத்திருந்தால் தாயின் உயிரே போய்விடக்கூடும். தேசிய சுகாதார இயக்கத்தின் இணையதளத்தில் தேடி நீங்களே படிக்கலாம்.

பயிற்சிக்குள் அடங்கிய முடிவுகள்தான் இவை. தன் இஷ்டத்துக்கு மருந்தை மாற்றுவது அல்ல.

வேலை கெடும் என்பதும் சரியில்லை. நர்ஸ்கள் விலகாமல் தங்கிய 41 ஆஸ்பத்திரிகளை அமெரிக்க நர்சிங் அகாடமி ஆராய்ந்து 1983-ல் அறிக்கை வெளியிட்டது. தன் பணியில் தானே முடிவெடுக்கும் சுதந்திரம் அங்கெல்லாம் இருந்தது. சம்பளமும் போதிய ஆட்களும் வேண்டும்தான். ஆனால் தன் அறிவுக்கு மதிப்பில்லாத இடத்தில் யாருக்கு மனம் ஊன்றும்?

2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சைக்கு வீடு தேடி வருபவரும் நர்ஸ்தான். இந்தச் செய்தியை நம்பி யாராவது அவரை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் தவறென்று சொல்லிவிடுங்கள்.