ரோமில் நடக்கக் காசில்லை, உட்காரத்தான் காசு

ரோமுக்குப் போய் வந்ததிலிருந்து எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" விமானம், விசா, ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து அறை வாடகை, இதெல்லாம் எல்லாருக்கும் வருகிற செலவு, விடுங்கள். நான் சொல்ல வந்தது இறங்கிய பிறகு நடந்த கதை. நானும் வீட்டுக்காரம்மாவும் நாலு நாள் நடந்தே ஊரைப் பார்த்தோம். கொலோசியத்திலிருந்து வாட்டிகனுக்கே ஏறக்குறைய நாலு கிலோமீட்டர்தான். பார்க்க வேண்டியதில் பாதி அந்த வழியிலேயே கிடக்கிறது.

நாலு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். அந்த ஊர் நடப்பதற்கும் பார்ப்பதற்கும் பெரிதாகக் காசு கேட்பதில்லை. உட்கார்ந்தால்தான் கேட்கிறது.

முதல் நாளே பாடம். பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோவிலின் பக்கத்துச் சந்தில் ஒரு காபிக்கடை. கால் கடுத்ததால் வெளியே போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து இரண்டு காபி சொன்னோம். பில் 11 யூரோ. நாங்கள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் உள்ளே போனார், கவுண்ட்டரில் நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்தார், நாணயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். எட்டிப் பார்த்தால் உள்ளே அதே காபி ஒன்றரை யூரோவுக்கும் கீழே. ஏமாற்று இல்லை, ஊர் வழக்கம். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. விசாரிக்காதது என் தப்பு. ஆனாலும் நம் ஊர் டீக்கடையில் பெஞ்சுக்கென்று யாரும் தனிக் காசு வாங்கியதில்லை என்ற ஆற்றாமை போகவில்லை.

அப்புறம் ஸ்பானிஷ் படிக்கட்டு. 1720களில் கட்டியது, 130 படிக்கு மேல். பாதி ஏறியதும் வீட்டுக்காரம்மா மூச்சு வாங்கி ஒரு படியில் உட்கார்ந்தார். உடனே விசில்! கீழிருந்து ஒரு காவலர் எழுந்திருக்கச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். 2019லிருந்து அங்கே உட்காரத் தடை, மீறினால் 250 யூரோ வரை அபராதம். சாப்பாட்டைச் சிந்தாதே, ஒயின் பாட்டிலை உருட்டாதே என்றால் நானும் கைதட்டுவேன். சும்மா உட்கார்வதில் அந்தக் கல்லுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? அவ்வளவு அகலமாக, இடையிடையே மேடை விட்டு ஒரு படிக்கட்டைக் கட்டியவன் ஆட்கள் ஏறி இறங்கினால் மட்டும் போதும் என்றா நினைத்திருப்பான்?

சரி, சர்ச்சுகளில் உட்காரலாம். பெரும்பாலான சர்ச்சுகளில் நுழையக் காசு கிடையாது, பெஞ்சு இருக்கிறது, குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஒரே தொல்லை, சின்ன சர்ச்சுகள் பலவற்றை மதியம் இரண்டு மூன்று மணி நேரம் பூட்டிவிடுகிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில்தான் அந்தப் பூட்டு.

சான் லூயிஜி தேய் பிரான்செசி என்றொரு சர்ச். கரவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று, 400 வருஷத்துக்கு மேலாக அதே சின்ன அறையில் இருக்கின்றன. மியூசியத்தில் இருந்தால் இருபது யூரோ கேட்பார்கள். இங்கே இலவசம், ஆனால் அறை இருட்டு. ஓரத்தில் ஒரு பெட்டி, நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். பதினைந்து பேர் இருட்டில் நிற்கிறோம், அடுத்தவன் போடட்டும் என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் நான் போட்டேன். பளீரென்று வெளிச்சம். ஒரு ஓவியத்தில் வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு அழைக்கிறார்: சாய்ந்து விழும் ஒளி, காசு எண்ணிக்கொண்டிருக்கும் மேசை, "என்னையா?" என்று கேட்கிற மாதிரி ஒரு விரல். மொத்தக் கூட்டமும் 'ஆ' என்றது. காதருகே வீட்டுக்காரம்மா, "நம்ம ஊரா இருந்தா டியூப்லைட்டுலயே உபயம்னு உங்க பேரை எழுதியிருப்பாங்க" என்றார். எழுதியிருந்தால் பாதி வெளிச்சம் போயிருக்கும், அது வேறு விஷயம்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ டிக்கெட் வைத்தார்கள். அதைக் கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை. கூரை நடுவே ஏறக்குறைய ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் அந்த வட்டம் வழியாக விழும் வெயில், சுவரில் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம்.

தண்ணீருக்குக் காசே ஆகவில்லை. தெருவுக்குத் தெரு இரும்பில் குட்டையாகக் குழாய்த்தூண், ஊர் முழுக்க சுமார் 2,500. மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் பெயரே நாசோனே, பெரிய மூக்கு. மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி நேராக வாய்க்கு வரும். எனக்கு முதல் தடவை சட்டைக்கு வந்தது.

பழைய ரோமின் ஊர்ப் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்குள் போக டிக்கெட் வேண்டும். நாங்கள் கேபிடல் குன்றின் பின்பக்க விளிம்பில் நின்று மேலிருந்தே பார்த்தோம். தூரத்தில் மூன்று பெரிய வளைவுகளோடு மாக்சென்டியஸ் மண்டபம். அது எழும்புவதற்கு முன் அந்த இடத்தில் மிளகுக் கிடங்கு இருந்ததாம். 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இன மன்னன் அலாரிக் கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் சேர்த்தி. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பலேற்றிய மிளகு வந்து இறங்கிய ஊரில் நமக்கு உட்கார இடமில்லை என்று அலுத்துக்கொண்டேன். "பேசாம நடங்க" என்றார் வீட்டுக்காரம்மா.

நடந்தோம். ரோமில் நடப்பது என்றால் சாம்பியெத்ரீனி என்கிற கருங்கல் கட்டிகள் மேல் நடப்பது, ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தெரியும். போகிறவர்கள் எதில் வேண்டுமானாலும் கஞ்சத்தனம் காட்டுங்கள், ஷூவில் வேண்டாம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பியாட்சா ஃபர்னேசே என்கிற சதுக்கம். எடைபோட்டு விற்கும் பீட்சா இரண்டு துண்டு கையில். எதிரே ஃபர்னேசே மாளிகை, மேல்பகுதியில் மைக்கலாஞ்சலோவின் கை பட்டது, இப்போது பிரெஞ்சுத் தூதரகம். முன்னால் இரண்டு நீரூற்று, கராகல்லா குளியல் மண்டபத்திலிருந்து தூக்கி வந்த பெரிய கல்தொட்டிகளில். வீட்டுக்காரம்மா இதில் எதையும் பார்க்கவில்லை. மாளிகைச் சுவரின் அடியை ஒட்டி நெடுக ஓடும் கல்லிருக்கையைத்தான் பார்த்தார்.

"இங்க பாருங்க, திண்ணை!"

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி காய்கறிப் பையை மடிக்கு மாற்றி எங்களுக்கு இடம் விட்டார். ஷூவைக் கழற்றிக் காலை ஆட்டிக்கொண்டு, வாசலில் நின்ற காவலரை ஓரக்கண்ணால் பார்த்தபடி, பீட்சாவைத் தின்றோம். ஒன்றரை மணி நேரம் இருந்தோம். விசில் வரவில்லை.