கேக்கும் மேசை விரிப்பும் மட்டும்தானா?
வெளிநாடு சென்ற அமெரிக்க மனையியல் ஆசிரியைகளின் அன்றாடம் கேக் செய்யவும் மேசை விரிப்பை மடிக்கவும் கற்றுக்கொடுப்பதிலேயே கழிந்தது என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹோவர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ஃபிளெம்மி கிட்ரெல் 1947இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவுக்குப் போய் அங்குள்ள குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்பதை ஆராய்ந்தார். சோறும் மரவள்ளிக் கிழங்கும் வயிற்றை நிரப்பினாலும், புரதமும் வைட்டமின்களும் போதாமல் உடல் நலிவதை ‘மறைந்திருக்கும் பசி’ என்று அடையாளம் காட்டினார். வயிறு நிறைந்தவரிடம் பசியைக் கண்டுபிடிக்கச் சமையல் குறிப்பு மட்டும் தெரிந்தால் போதாது. 1950இல் பரோடாவில் மனையியல் கல்லூரி உருவாகத் துணைநின்றவரும் இவரே. இதையெல்லாம் ‘வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு’ என்று இதே கட்டுரைக்கு இன்னொரு வாசகர் கருத்திட்டிருக்கிறார். கிட்ரெல், இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண்.