ஹாரி டீன் ஸ்டாண்டன் எதற்காகவும் காத்திருக்கவில்லை

"58 வயது வரை துண்டு துக்கடா வேடங்கள், அப்புறம் ஒரே படத்தில் உலகப் புகழ், ஆகவே நண்பர்களே மனம் தளராதீர்கள்" என்கிற தோரணையில் அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டனைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள், சரி. ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த மனிதர் முப்பது வருஷம் செய்த வேலையெல்லாம் ஏதோ பேருந்து நிறுத்தத்தில் நின்றதுபோல ஆகிவிடுகிறது.

1926-இல் கென்டக்கி மாநிலத்தில் வெஸ்ட் இர்வின் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா புகையிலை பயிரிட்டார், முடிதிருத்தும் வேலையும் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படைக்குப் போன ஸ்டாண்டன், ஒகினாவா சண்டை நடந்தபோது ஒரு கப்பலில் சமையல்காரராக இருந்தார். திரும்பி வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்து, அங்கே நாடகத்தின் பக்கம் சாய்ந்து, கலிபோர்னியாவில் பாசடீனா பிளேஹவுஸில் நடிப்பு கற்றுக்கொண்டார். ஆண்கள் பாடகர் குழு ஒன்றோடு ஊர் ஊராகவும் சுற்றினார். அதன் பிறகு தொலைக்காட்சி கௌபாய் தொடர்களில் வந்து சுடுபட்டு விழும் ஆட்களில் ஒருவர்.

அந்தப் பாடகர் குழு விஷயத்தை எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் சாவி. இவர் நடிகராக இருந்து ஓய்வு நேரத்தில் பாடியவர் இல்லை, பாடகனின் காதோடு நடித்தவர். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே அடுத்தவரை விட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு இசையிலிருந்து வந்தது என்றே நம்புகிறேன். 1967-இல் வந்த 'கூல் ஹேண்ட் லூக்'கில் கிடாரோடு பாடும் கைதியாக வருகிறார். படம் முழுக்க கதாநாயகன் பால் நியூமனுடையது. ஆனால் அந்தச் சிறை முகாமின் களைப்பு அத்தனையும் ஸ்டாண்டனின் குரலில்தான் இருக்கிறது.

'ஏலியன்' (1979) நினைவிருக்கிறதா? விண்கப்பலுக்குள் ஒரு பூதம் புகுந்துவிடுகிற படம், அதில் இவர் பிரெட் என்கிற தொழிலாளி. பங்குப்பணம் சரியாகக் கொடுங்கள் என்று சகாவோடு சேர்ந்து முணுமுணுப்பதும், யார் என்ன சொன்னாலும் "சரி" என்பதும்தான் பெரும்பாலும் அவருடைய வேலை. பூனையைத் தேடிப் போகிறவர், மேலிருந்து தண்ணீர் சொட்டும் ஓரிடத்தில் நின்று, தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி அந்தச் சொட்டுகளை வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்த தொழிலாளி குழாயடியில் நிற்கிற நிம்மதி அது. விண்வெளியும் பூதமும் அந்த ஒரு நிமிஷம் மறந்துபோகும், அதனால்தான் அடுத்து நடப்பது நம்மைத் தாக்குகிறது. இதைச் செய்யத் தெரிந்தவரைப் பார்த்து அப்போது இன்னும் ஜெயிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

இப்போது அந்த "ஒரே படம்", 'பாரிஸ், டெக்சாஸ்'. விம் வெண்டர்ஸ் இயக்கம், சாம் ஷெப்பர்ட் எழுத்து, 1984 கான் விழாவில் தங்கப் பனை விருது. ஸ்டாண்டன் டிராவிஸாக வருகிறார், பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறவர் வெகுநேரம் வாயே திறப்பதில்லை. பிரிந்த மனைவியோடு ஒருபக்கக் கண்ணாடி வழியாகப் பேசும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், எனக்குப் பள்ளிக்கூடக் காட்சிதான் உயிர். முதலில் அப்பாவோடு நடந்து வர மறுத்துவிட்ட ஏழெட்டு வயசுப் பையன் இன்னொரு நாள் சம்மதிக்கிறான். அதற்காகக் கோட்டும் தொப்பியும் போட்டு, அப்பா என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வேலைக்காரம்மாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார் டிராவிஸ். தெருவின் இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் அப்பா. ஒருவர் நடையை ஒருவர் பார்த்துச் செய்துகொண்டே வீடு வரை. ஒரு வசனம் கிடையாது. அதே படத்தின் இசைத்தொகுப்பில் ரை கூடரின் கிடாரோடு 'கான்சியோன் மிக்ஸ்டெகா' என்ற மெக்சிகப் பாட்டை ஸ்பானிய மொழியிலேயே பாடியிருக்கிறார், சொந்த மண்ணைப் பிரிந்து வாடுகிறவனின் பாட்டு. கேட்டுப் பாருங்கள், டிராவிஸ் பேசாததெல்லாம் அதில் இருக்கிறது.

சரி, இந்த "வெற்றி"க்குப் பிறகு என்ன செய்தார்? மறுபடியும் சின்ன வேடங்கள்தான். 'பிரிட்டி இன் பிங்க்'கில் கதாநாயகியின் வேலையில்லாத அப்பா, ஸ்கார்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறிஸ்ட்' படத்தில் பவுல், டேவிட் லிஞ்சின் படங்களில் திரும்பத் திரும்ப. லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) முழுக்க ஒரு கிழவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவா மாநிலத்திலிருந்து விஸ்கான்சின் வரை தன் சகோதரனைப் பார்க்கப் போகிறார். அந்தச் சகோதரன்தான் ஸ்டாண்டன், கடைசியில் சில நிமிஷம் மட்டும் வருகிறார். இந்த வண்டியிலா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டுவிட்டு, கண் கலங்க அமைதியாகிவிடுகிறார், அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷம் பொய்யாக இருந்திருந்தால் முழுப் பயணமும் வீண். இந்த வேலையை ஒரு பெரிய நட்சத்திரத்திடம் கொடுத்திருந்தால் படத்தைக் கெடுத்திருப்பார் என்பது என் கருத்து.

நூறுக்கும் மேற்பட்ட படங்கள், ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடையாது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் மட்டும், ஹாரி டீன் ஸ்டாண்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்று ஒரு விதியே எழுதினார். பின்னாளில் அதற்கு விதிவிலக்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொண்டது வேறு விஷயம். எந்த விருதைவிடவும் எனக்கு அந்த விதி பெரிது, ஏனென்றால் அது அவர் செய்த வேலையைச் சரியாகச் சொல்கிறது.

பாட்டை மட்டும் அவர் கடைசி வரை விடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் சொந்த இசைக்குழுவோடு வருஷக்கணக்கில் சின்னச் சின்ன அரங்குகளில் பாடினார், ஹார்மோனிகா வாசித்தார். 2017 செப்டம்பரில் 91 வயதில் இறந்தார், சில நாட்களிலேயே அவர் கதாநாயகனாக நடித்த 'லக்கி' திரைக்கு வந்தது. அதிலும் ஒரு பிறந்தநாள் விருந்தில், யாரும் எதிர்பாராத நேரத்தில், 'வோல்வேர் வோல்வேர்' என்ற மெக்சிகப் பாட்டைப் பாடுவார். இவரைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' பாருங்கள், அப்புறம் 'ஏலியன்', அதன் பிறகு 'பாரிஸ், டெக்சாஸ்'. படம் பார்க்க நேரமில்லை என்றால் 2014-இல் வந்த 'பார்ட்லி ஃபிக்‌ஷன்' இசைத்தொகுப்பு இருக்கிறது, பழைய நாட்டுப்புறப் பாட்டுகளும் கன்ட்ரி பாட்டுகளும், ஜேமி ஜேம்ஸின் கிடாரோடு.