டூல் பேலட்டில் யாரும் கை வைக்காதீர்கள்!

பிளான் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளில் கண்ட்ரோல் 3 அழுத்தினால் டூல் பேலட், அதாவது அடிக்கடி போடும் படங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் பலகை, ஜம்மென்று வந்து நிற்கிறது. டி1 கதவு, டபிள்யூ2 ஜன்னல், வென்டிலேட்டர், சம்ப், செப்டிக் டேங்க் என்று எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கிளிக் செய்தால் மூலக் கோப்பைக் காணோமாம். நேற்று சாயங்காலம் வரை இருந்தது எங்கே போகும்? விசாரித்தால், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்ய வந்த ஆள், டி டிரைவ் நிரம்பிவிட்டது என்று எங்கள் பிளாக் (ஒருமுறை வரைந்து வைத்துத் திரும்பத் திரும்பப் போடும் படம்) ஃபோல்டரைத் தூக்கி வேறு டிரைவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமாவது ஒரு வார்த்தை? ம்ஹூம்.

என் கோபத்தில் பாதி அவர் மேல், மீதி இந்தப் பேலட் வசதியை இப்படி உருவாக்கிய சாஃப்ட்வேர்காரர்கள் மேல். ஆட்டோகேட்டில் நாம் பேலட்டுக்கு இழுத்து வைக்கும் பிளாக் உண்மையில் பேலட்டுக்குள் போவதே இல்லை. எந்த டிராயிங்கிலிருந்து எடுத்தோமோ அந்த டிராயிங் இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது, சின்னப் படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் ஃபோல்டர் இடம் மாறினாலும், யாராவது பெயரை மாற்றினாலும் படம் மட்டும் பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும், வீட்டைக் காலி செய்து போனவரின் பெயர்ப்பலகை வாசலில் தொங்குகிற மாதிரி. பேலட்டைத் திறந்தவுடனே 'இதெல்லாம் இப்போது இல்லை' என்று ஒரு சிவப்புக் குறி போட்டுக் காட்டினால் என்ன குறைந்துபோகும்? கிளையன்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தெரிய வேண்டுமா?

எங்கள் இன்ஜினியர் சாரிடம் சொன்னால், "என்னப்பா, இழுத்துப் போட வேண்டியதுதானே, இதுக்குப் போய் அரை நாளா?" என்கிறார். இழுத்துப் போடுவதோடு முடிந்தால் நான் ஏன் சார் புலம்புகிறேன்! ஒவ்வொரு டூலிலும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, கதவு தனக்கான லேயரில் (டிராயிங்கின் தனி அடுக்கில்) விழ வேண்டும், சானிட்டரி அதன் லேயரில் விழ வேண்டும், வைக்கும்போது எந்தக் கோணம் என்று கேட்க வேண்டும், ஹேட்ச்சுக்கு (இடத்தை நிரப்பும் கோட்டு வடிவத்துக்கு) ஸ்கேல் சரியாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து அமைத்தது அது. எதை மேலே வைப்பது, எதைத் தனி டேபுக்குத் தள்ளுவது என்பதெல்லாம் வேலை செய்யச் செய்யத்தான் பிடிபடும். அதை யாரும் வேலை என்றே கணக்கில் எடுப்பதில்லை.

சாஃப்ட்வேரோடு வரும் மாதிரிப் பேலட்டுகளை வைத்தே ஓட்டலாமே என்று ஒரு யோசனை வரும். பாருங்கள், அதில் மரம் இருக்கும், கார் இருக்கும், போல்ட் இருக்கும், கேமரா கூட இருக்கும். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்கும் துளசி மாடமும் இந்தியன் டாய்லெட்டும் இருக்குமா? நாமே வரைந்து, அந்த டிராயிங்கை சேவ் செய்து, அப்புறம்தான் பேலட்டுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போது, பிளாக்கைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மேல் தெரியும் நீலக் கட்டத்தைப் பிடித்துவிட்டால் பிளாக் பேலட்டுக்குப் போகாது, டிராயிங்குக்குள்ளேயே நகர்ந்து தொலையும்; கோட்டைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

அளவுக் கூத்து தனி. வீட்டுப் பிளானை அடி அங்குலத்தில் போடுகிறோம், ஓசூர் ஃபேக்டரி ஷெட் என்றால் மில்லிமீட்டர். பிளாக்கில் ஒரு யூனிட்டும் டிராயிங்கில் வேறு யூனிட்டும் குறித்திருந்தால் அதுவாகவே மாற்றிக்கொள்ளும், அது சரி. ஆனால் யாரோ அங்குலத்தில் வரைந்த பிளாக்கில் யூனிட் மில்லிமீட்டர் என்று இருந்துவிட்டால், கதவு 25.4 மடங்கு சுருங்கி வந்து விழும், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

பேலட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்வது இன்னொரு எரிச்சல். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இழுத்தால் ஒட்டாது, தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து டாக்கிங்கை, அதாவது இப்படி ஒட்டுவதை, நிறுத்தியும் வைக்கலாம். சரி, அதோடு பிழைத்துக்கொள்ளலாம்.

பொறுக்கவே முடியாதது இதை இன்னொரு மெஷினுக்குக் கொண்டுபோவது. கஸ்டமைஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொரு பேலட்டாக வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். பல பேலட்டுகளைச் சேர்த்து வைத்த குரூப்பை எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதில் எந்தப் பேலட் எந்தக் குரூப்பில் என்ற விவரம்தான் போகும், பேலட்டுகள் போகாது. இத்தனையும் செய்து தருமபுரி ஆபீஸுக்கு அனுப்பினால், அங்கே பழைய வெர்ஷன். புதியதில் செய்த பேலட் பழையதில் ஏறாது. இந்த டூல் பேலட் ஆட்டோகேட் 2004 பதிப்பில் வந்தது. எங்கள் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதும் அதே 2004இல்தான். ஒரு மாவட்டமே தனியாக வேரூன்றி நிற்கிறது, 'எல்லாப் பேலட்டையும் ஒரே மூட்டையாகக் கட்டு' என்று ஒரு பட்டன் இன்னும் முளைக்கவில்லை.

இப்போது எல்லா டூலுக்கும் பாதையை மாற்றி முடித்துவிட்டேன். பேலட் கோப்புகளை யாரும் மாற்ற முடியாதபடி ரீட் ஒன்லி ஆக்கியும் வைத்துவிட்டேன், ஓரத்தில் பூட்டுப் படம் தெரியும். பக்கத்து சீட் அண்ணன் காலையிலிருந்து "என்ன தம்பி, டேபை நகர்த்த முடியலையே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடியாதுண்ணா. சர்வீஸ்காரர் அடுத்த முறை வரும்போது நான் சீட்டில் இருந்தால்தான் மெஷினைத் தொட வேண்டும் என்று சாரிடமும் சொல்லியாயிற்று.